ஆற்றங்கரையில் ஒரே ஒரு வெளிச்சம்: இம்ப்ரெஷனிச முறையில் நதிக்கரைக் காட்சி வரைய முழுமையான வழிகாட்டி

1891ஆம் ஆண்டு, பிரான்சின் ஜிவெர்னி கிராமத்துக்குப் பக்கத்தில் எப்த் என்ற சின்ன ஆற்றின் கரையில் வரிசையாக நின்ற, நெட்டையாக வளரும் பாப்லர் மரங்களை இம்ப்ரெஷனிச ஓவியர் க்ளோத் மோனே வரைந்துகொண்டிருந்தார். வேலை பாதியில் இருக்கும்போதே அந்த மரங்கள் ஏலத்துக்கு வந்துவிட்டன. லிமே என்ற ஊருக்குச் சொந்தமான மரங்கள், வெட்டி விற்பதற்காகவே வளர்த்தவை, ஓவியருக்காக யார் நிறுத்திவைப்பார்கள்? மோனே ஒரு மர வியாபாரியைப் பிடித்து, அவர் மனதில் வைத்திருக்கும் விலைக்கு மேல் ஏலம் போனால் மிச்சத்தைத் தானே தருவதாகவும், பதிலுக்கு மரங்கள் இன்னும் சில மாதம் நிற்கவேண்டும் என்றும் பேசி முடித்தார். அப்படிக் கிடைத்த அவகாசத்தில் முடிந்தவைதான் 'பாப்லர்' வரிசையின் சுமார் 24 ஓவியங்கள்.

மரங்களுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வாங்கிவிட்டார், ஆனால் வெளிச்சத்துக்கு அப்படி வாங்க முடியாது. ஜிவெர்னியில் அவருக்குப் பக்கத்தில் பல கோடைகள் தங்கியிருந்த அமெரிக்க ஓவியர் லில்லா கேபட் பெர்ரி ஒரு விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார்: அந்த வரிசையில் ஓர் ஓவியத்துக்கு வேண்டிய வெளிச்சம் ஏழு நிமிடம்தான் நின்றது. ஒரு குறிப்பிட்ட இலையைவிட்டு வெயில் விலகியதும் மோனே அந்தக் கேன்வாஸை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாராம். அதற்காகவே அவருடைய தட்டையான படகில் பல கேன்வாஸ்களைச் செருகி வைக்கும் பள்ளங்கள் இருந்தன.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஏழு நிமிடத்தைப் பற்றியதுதான். பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது, எந்த நிறத்தோடு எதைக் கலப்பது என்பதெல்லாம் சொல்கிறேன், ஆனால் அவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: ஒரே வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு, கேன்வாஸின் நான்கு மூலையிலும் அதை விட்டுக்கொடுக்காமல் வரைவது. இம்ப்ரெஷனிசம் என்பது அந்தக் கணத்தில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை விரைவான, கலக்காத தீற்றல்களில் பிடிக்கும் பிரெஞ்சு ஓவிய முறை. புள்ளி புள்ளியாகத் தீட்டினால் அது வந்துவிடும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் ஆரம்பிக்கிறார்கள். காலை எட்டு மணி வானமும் பதினொரு மணி மரமும் ஒரே படத்தில் இருந்தால் எத்தனை புள்ளி வைத்தாலும் அது ஒட்டாது.

நான் பாரிஸில் வேலை செய்கிறேன். ஆறு வருடங்களாக, முடிகிற ஞாயிற்றுக்கிழமைகளில் சான் லசார் நிலையத்தில் ரயில் ஏறி வெர்னோனில் இறங்கி, அங்கிருந்து ஜிவெர்னி பக்கம் போய் வரைகிறேன். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்த ரயில் விஷயம் சும்மா சொல்லவில்லை. 1870களில் மோனே குடியிருந்த அர்ஜான்தூய்க்கும் இதே சான் லசாரிலிருந்துதான் ரயில் போனது. நகரத்திலிருந்து காலையில் கிளம்பி ஆற்றங்கரையில் வரைந்துவிட்டு மாலையில் திரும்பலாம் என்ற வசதி இல்லாமல் இந்த ஓவிய முறை இப்படி வளர்ந்திருக்காது. இன்னொரு காரணம் டியூப். 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மூடி போட்ட தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் அரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள், ஊசியால் குத்திப் பிதுக்கவேண்டும், அப்புறம் சரியாக அடைக்க முடியாது. அதை வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் எத்தனை நேரம் வேலை செய்வது?

நாம் இங்கே வரையப்போவது ஒரு 46 × 38 செ.மீ. கேன்வாஸ். இலையுதிர் காலத்துப் பிற்பகல், எப்த் ஆறு, எதிர்க்கரையில் பாப்லர் வரிசை, தண்ணீரில் அதன் பிம்பம். நீங்கள் வேறு ஊரில், வேறு ஆற்றின் கரையில் உட்கார்ந்தாலும் படிகள் மாறாது.

முதலில் மூன்று ஓவியங்களைப் பாருங்கள்

வண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால் இதற்கு ஒரு மாலை செலவழியுங்கள். அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

ஒன்று, மோனேயின் 'நான்கு மரங்கள்' (1891, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்). கிட்டத்தட்டச் சதுரம், பக்கத்துக்கு 82 செ.மீ. நான்கு அடிமரங்கள், கீழே அவற்றின் பிம்பம், குறுக்கே கரை. மரங்களின் தலையும் தெரியாது, பிம்பத்தின் முடிவும் தெரியாது, மேலிருந்து கீழ்வரை நான்கு கோடுகள் ஓடுகின்றன. எங்கே மரம் முடிந்து பிம்பம் தொடங்குகிறது என்பதைக் கரையின் அந்தக் கிடைக்கோடுதான் சொல்கிறது. அந்தக் கோட்டைக் கையால் மறைத்துப் பாருங்கள், தண்ணீரே காணாமல் போய்விடும்.

இரண்டு, ஆல்ஃப்ரெட் சிஸ்லே வரைந்த 'போர் மார்லியில் வெள்ளம்' (1876, பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகம்). ஓர் ஒயின் வியாபாரியின் வீட்டைச் சுற்றி வெள்ளம் நிற்கிறது. அழிவைப் பற்றிய படம், ஆனால் அதில் ஒரு கூச்சல் இல்லை. மேகம் கலைந்த வானத்தின் அதே சாம்பலும் நீலமும் தண்ணீரில் கொஞ்சம் அடர்த்தியாக இறங்கியிருக்கின்றன. பெயர் பெற்றவர்களில் மோனேயைவிட எனக்கு சிஸ்லே நெருக்கமானவர். அவர் உயிரோடு இருந்தவரை அவர் படங்களுக்கு நல்ல விலை கிடைக்கவில்லை, 1899இல் லுவான் ஆற்றங்கரையில் மோரே என்ற ஊரில் இறந்தார். ஆற்று வானத்தை அவரைவிட அன்பாக வரைந்தவர் யாரும் இல்லை என்பது என் கருத்து.

மூன்று, 1869இல் மோனேயும் அவர் நண்பரான ஓவியர் ரெனுவாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரைந்த 'லா க்ரனூய்யேர்'. செய்ன் நதியில் இருந்த ஒரு குளிக்கும் இடம், படகுத்துறை. மோனேயின் படத்தில் முன்பக்கத் தண்ணீரை மட்டும் பெரிதாக்குங்கள். அகலமான தட்டை பிரஷ்ஷால் வைத்த கிடைத் தீற்றல்கள், அடர்ந்த நிறம், நடுத்தரம், வெளிர் என்று அடுத்தடுத்து வைத்த பட்டைகள், அவ்வளவுதான். தூரம் போகப் போக அந்தப் பட்டைகள் மெலிந்து நெருங்குகின்றன. தண்ணீர் பற்றிக் கற்றுக்கொள்ளவேண்டியதில் பாதி அந்த ஒரு கையகல இடத்தில் இருக்கிறது.

எடுத்துப் போகவேண்டியவை

மோனே 1905இல் தன் ஓவிய வியாபாரிக்கு எழுதிய கடிதத்தில் தன் வண்ணங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், ஆழ்ந்த மஞ்சிட்டி சிவப்பு, கோபால்ட் நீலம், எமரால்டு பச்சை. பிரெஞ்சில் 'எமரால்டு பச்சை' என்று சொல்வது இன்றைய கடைகளில் விரிடியன் என்ற பெயரில் கிடைப்பது, பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கறுப்பு இல்லை, பழுப்பும் இல்லை.

நமக்கு எண்ணெய் வண்ணத்தில் ஏழு டியூப் போதும். ஈய வெள்ளை நச்சு, அதற்குப் பதில் டைட்டானியம் வெள்ளை. காட்மியம் மஞ்சள் வெளிர், காட்மியம் சிவப்பு, நிலைத்த வகை அலிஸரின் கிரிம்சன் (ஆழ்ந்த சிவப்பு), கோபால்ட் நீலம், அல்ட்ராமரின் (ஊதா சாயும் நீலம்), விரிடியன். கோபால்ட் விலை அதிகம். முடியவில்லை என்றால் அல்ட்ராமரினை மட்டும் வைத்துச் சமாளிக்கலாம், வானம் கொஞ்சம் ஊதா பக்கம் போகும், வெள்ளையோடு ஊசிமுனை அளவு விரிடியன் சேர்த்தால் சரியாகிவிடும். 'நிலைத்த வகை' என்று அலிஸரினுக்கு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரெனுவார் 1883இல் வரைந்த லியோன் க்ளாபிசோன் சீமாட்டியின் படத்தில் பின்னணிச் சிவப்பு காலப்போக்கில் வெளிறிப்போயிருந்தது. சட்டத்தைக் கழற்றியபோது, ஒளிபடாத ஓரத்தில் மட்டும் அந்தச் சிவப்பு புதிதாகத் தீட்டியதுபோலப் பளிச்சென்று இருந்தது.

பிரஷ்: பன்றிமயிர் தட்டை பிரஷ் மூன்று (அளவு எண் 4, 8, 10). மெல்லிய உருண்டை பிரஷ் ஒன்று, அதைக் கடைசி ஐந்து நிமிடம்வரை பையிலேயே வைத்திருங்கள். பேலட் கத்தி (பேலட் என்பது வண்ணம் கலக்கும் பலகை), வண்ணத்தை நீர்க்கவைக்க மணமில்லாத டர்பன்டைன் மாற்று சின்ன மூடியில், பழைய பருத்தித் துணி நிறைய. துணிதான் நிறையப் பேர் மறக்கிற சாமான். ஒவ்வொரு தீற்றலுக்கும் பிரஷ்ஷைத் துடைக்காவிட்டால் பத்து நிமிடத்தில் எல்லா நிறமும் ஒரே சேற்று நிறமாகிவிடும்.

கேன்வாஸின் அடிப்பூச்சு வெளிர் சாம்பல் அல்லது பழைய வெண்ணெய் நிறம். இம்ப்ரெஷனிஸ்டுகளுக்கு முந்தைய தலைமுறைகள் பெரும்பாலும் அடர்ந்த பழுப்பு அடிப்பூச்சின் மேல் வரைந்தார்கள், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறினார்கள். இம்ப்ரெஷனிஸ்டுகள் வெளிர் நிறத்திலிருந்தே தொடங்கினார்கள். தீற்றல்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கிற அடிப்பூச்சும் அவர்கள் படத்தில் ஒரு நிறம்.

இடமும் நேரமும்

வெயில் பக்கவாட்டில் விழுகிற இடமாகப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் மரங்கள் தட்டையாகத் தெரியும், எதிரே இருந்தால் எல்லாம் கறுத்துப்போகும். அனுபவம் வந்தபின் எதிர்வெயிலில் வரையலாம், அது தனி அழகு, முதல் பத்துப் படத்துக்கு வேண்டாம். எப்த் குறுகிய ஆறு, நின்று பார்த்தால் தண்ணீர் ஒரு நாடாபோலத் தெரியும். தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் பிம்பம் அகலமாக முன்னால் வந்துவிடுகிறது. மோனே படகில் உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு லாபம்.

ஓர் அட்டையில் தீப்பெட்டி அளவுக்குச் செவ்வகம் வெட்டி, அதன் வழியாகப் பார்த்து எல்லையை முடிவு செய்யுங்கள். கரைக்கோடு கேன்வாஸின் நட்ட நடுவில் வந்தால் மேலேயும் கீழேயும் ஒரே கனமாகிப் படம் இரண்டு துண்டாகிவிடும், சற்றே மேலே அல்லது கீழே தள்ளுங்கள்.

இப்போது முக்கியமான வேலை. ஈஸலின் (கேன்வாஸை நிறுத்தும் தாங்கியின்) ஒரு காலின் நிழல் தரையில் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு குச்சியை நடுங்கள். ஒரு மணி நேரத்தில் சூரியன் வானத்தில் 15 டிகிரி நகர்கிறது, நிழலும் அதற்கேற்ப விலகும். நிழல் முனை குச்சியைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போய்விட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது, படம் எந்த நிலையில் இருந்தாலும். இந்த ஒரு பழக்கம்தான் என் படங்களை மாற்றியது. அதற்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, நகர்ந்துகொண்டே இருந்த நிழலைத் துரத்தித் துரத்தித் திருத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது மரத்தின் நிழல் வலப்பக்கமும் வலது மரத்தின் நிழல் இடப்பக்கமும் விழுந்திருந்தது.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வரைகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வடக்கு பிரான்சில் இலையுதிர் காலச் சூரியன் நாள் முழுக்கத் தாழ்ந்தே இருக்கிறது, சாய்வாக இறங்குகிறது, பொன்வெயில் நீண்டநேரம் நிற்கிறது. நம் ஊர்களில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அந்த வெயில் சட்டென்று முடிந்துவிடும். அதனால் அங்கே பெரிய கேன்வாஸ் வேண்டாம், 25 × 20 செ.மீ. பலகை இரண்டு எடுத்துப்போய், காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் முடித்துவிடுவது நல்லது.

கேன்வாஸின் மேல் நேர் வெயில் படக்கூடாது. பட்டால் வெள்ளை கண்ணைக் கூசும், நீங்கள் உங்களை அறியாமலே நிறங்களை அடர்த்தியாக்குவீர்கள், வீட்டுக்குள் வந்ததும் படம் இருண்டு கிடக்கும். ஒரு வெளிர் நிறக் குடை போதும். சிவப்பு, பச்சைக் குடை வேண்டாம், அந்த நிறம் கேன்வாஸில் ஏறிவிடும்.

முதல் ஐந்து நிமிடம்: பார்ப்பது

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இலையும் கிளையும் மறைந்து நான்கைந்து திட்டுகள் மட்டும் நிற்கும். எது மிக வெளிர், எது மிக அடர்த்தி என்று இரண்டை மட்டும் முடிவு செய்யுங்கள். பெர்ரிக்கு மோனே சொன்ன ஆலோசனை, வரையும்போது எதிரே இருப்பது மரம், வீடு என்பதை மறந்துவிட்டு, இங்கே ஒரு நீலச் சதுரம், அங்கே ஒரு ரோஸ் நீள்சதுரம், இதோ ஒரு மஞ்சள் கீற்று என்று மட்டும் பார்க்கவேண்டும் என்பது. கேட்க எளிதாக இருக்கும். மரத்தைப் பார்த்து 'பச்சை' என்று மூளை முந்திக்கொண்டு சொல்வதை நிறுத்துவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது. நீங்கள் அட்டையின் ஓட்டை வழியாக ஒரு திட்டை மட்டும் தனியாகப் பாருங்கள், அது என்ன பொருள் என்பது மறைந்து நிறம் மட்டும் தெரியும்.

அடுத்த ஐந்து: கோடு

பென்சிலும் கரியும் வேண்டாம். டர்பன்டைனில் நன்றாக நீர்த்த கோபால்ட் நீலத்தால், 4ஆம் எண் பிரஷ்ஷில், கரைக்கோடு, மரங்களின் செங்குத்துக் கோடுகள், இலைக்கூட்டத்தின் வெளிவிளிம்பு, பிம்பத்தின் எல்லை. அவ்வளவுதான். தப்பினால் துணியால் துடைத்துவிடலாம், நீலக் கோடு பின்னால் நிழல் நிறத்தோடு கலந்து மறைந்தும் போகும்.

பிம்பம் விஷயத்தில் இரண்டு கணக்கு. மரத்தின் நேர் கீழேதான் பிம்பம் விழும், மரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிம்பம் அதே பக்கமே சாயும். தண்ணீர் விளிம்பிலேயே நிற்கிற மரத்துக்குப் பிம்பமும் ஏறக்குறைய அதே நீளம். கரையில் உள்ளே தள்ளி நிற்கிற மரத்தின் அடிப்பகுதி பிம்பத்தில் தெரியாது, கரையின் பிம்பம் அதை மறைத்துவிடும். இந்த இரண்டாவதைத் தவறவிட்டால் மரம் தண்ணீருக்குள் நிற்பதுபோல ஆகிவிடும்.

பதினைந்து நிமிடத்தில் கேன்வாஸ் முழுக்க

வானத்தில் ஆரம்பியுங்கள். சிஸ்லே எப்போதும் வானத்திலிருந்தே தொடங்குவேன் என்று எழுதியிருக்கிறார். வானம் வெறும் பின்னணி இல்லை, படத்துக்கு ஆழமும் அசைவும் கொடுப்பதே அதுதான் என்பது அவர் எண்ணம். ஆற்றுப்படத்துக்கு இது இரண்டு மடங்கு உண்மை, தண்ணீரிலும் அதே வானம் கிடக்கிறதே.

மேலே கோபால்ட் நீலமும் வெள்ளையும். கீழே இறங்க இறங்க வெள்ளை கூடி, கரைக்குப் பக்கத்தில் வெள்ளையோடு துளி காட்மியம் மஞ்சள், அதைவிடக் குறைவாக அலிஸரின். தீற்றல் குட்டையாக, சற்றுச் சாய்வாக. வானத்தை வைத்த கையோடு, அதே கலவையைக் கொஞ்சம் அடர்த்தியாக்கித் தண்ணீரில் வானம் தெரியும் இடங்களில் வைத்துவிடுங்கள். வானத்தை முடித்துவிட்டு அரை மணி கழித்துத் தண்ணீருக்கு வந்தால் அந்தக் கலவை திரும்பக் கிடைக்காது. பிறகு எதிர்க்கரைப் புல், மரத்திரளின் நிழல் பக்கம், அதன் பிம்பம், பக்கத்துக் கரை என்று ஒரு திட்டு மேலே, ஒரு திட்டு கீழே. இளைஞர்களுக்கு இன்னொரு இம்ப்ரெஷனிஸ்டான கமீல் பிசாரோ சொல்லிக்கொடுத்ததும் இதையேதான்: துண்டு துண்டாக முடிக்காமல் வானம், தண்ணீர், கிளை, தரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுபோகவேண்டும். இந்தக் கட்டத்தின் முடிவில் படம் அழகாக இருக்காது, இருக்கவும் வேண்டாம், வெற்றிடம் இல்லாமல் இருந்தால் போதும்.

பச்சையும் நிழலும்

டியூபிலிருந்து வருகிற பச்சையை அப்படியே வைக்காதீர்கள். விரிடியன் தனியாக மருந்துக்கடை பாட்டில் நிறத்தில் இருக்கும். அதோடு காட்மியம் மஞ்சளும், அடக்குவதற்குத் துளி காட்மியம் சிவப்பும் சேர்த்தால் வெயில் பட்ட இலை. அல்ட்ராமரின், விரிடியன், கொஞ்சம் அலிஸரின் சேர்த்தால் நிழல் இலை. இலையுதிர் கால பாப்லருக்கு மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும் முன்னால் வரும், பச்சை பின்னால் போகும்.

கலக்கும்போது ஒரு விஷயம். பேலட்டில் நிறங்களை மாவு பிசைவதுபோல முழுவதும் ஒன்றாக்கிவிடாதீர்கள். பிரஷ்ஷை இரண்டு திருப்பு, போதும். அந்த அரைகுறைக் கலவையோடு வைக்கும்போது ஒரே தீற்றலுக்குள் மஞ்சள் ஒரு இழை, பச்சை ஒரு இழை என்று ஓடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் கண் அதைச் சேர்த்துக்கொள்ளும், உயிர் இருக்கும்.

நிழலுக்குக் கறுப்பைத் தேடவேண்டாம். மிஷேல் யூஜேன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸின் கொப்லேன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்தவர். பக்கத்தில் பக்கத்தில் வைத்த நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்று 1839இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். மஞ்சளுக்குப் பக்கத்தில் இருக்கும் சாம்பல் ஊதாவாகத் தெரியும், ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரியும். பொன்வெயிலில் நிழல் ஊதாவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம், நிழலில் வானத்தின் நீல ஒளி விழுவது இன்னொன்று. அடிமரத்தின் நிழல் பக்கத்துக்கு அல்ட்ராமரின், அலிஸரின், வெள்ளை. வெயில் பக்கத்துக்கு வெள்ளையோடு மஞ்சளும் சிவப்பும். இரண்டையும் ஒட்டவைத்து, நடுவில் தேய்க்காமல் விடுங்கள். அந்த விளிம்பில்தான் வெயில் தெரியும்.

தண்ணீர்

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டிக்கொண்டவன்தான், அதனால் இதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

தண்ணீருக்கென்று தனி நிறம் கிடையாது என்று ஆரம்பித்துக்கொள்ளுங்கள். அதில் தெரிவது மூன்று: எதிர்க்கரையின் பிம்பம், வானத்தின் பிம்பம், காலடியில் மட்டும் ஆற்றின் அடித்தரை. செங்குத்தாகக் கீழே பார்த்தால் தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் 100க்கு சுமார் 2 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் காலடியில் பாசியும் கூழாங்கல்லும் தெரிகின்றன. பார்வை சாயச் சாயத் திரும்பும் ஒளி கூடி, தொலைவில் கிட்டத்தட்டக் கண்ணாடியாகிவிடும். ஆகவே கேன்வாஸின் அடி ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த ஆழ்ந்த நிறம், மேலே போகப் போகப் பிம்பங்கள். இதைச் செய்தவுடனேயே தண்ணீர் படுத்துவிடும், அதுவரை சுவர்போல நிமிர்ந்து நிற்கும்.

பிம்பத்தின் நிறத்தில் ஒரு பழைய விதி உண்டு: வெளிர்ந்தவை பிம்பத்தில் ஒரு படி அடர்த்தியாகும், அடர்ந்தவை ஒரு படி வெளிரும். கரையில் இருக்கிற மிக வெளிச்சமான மஞ்சள் தண்ணீரில் அவ்வளவு வெளிச்சமாக வரக்கூடாது.

இனி கை வேலை. முதலில் பிம்பங்களைச் செங்குத்தான தீற்றலில் மேலிருந்து கீழே இழுத்துவிடுங்கள், 8ஆம் எண் பிரஷ், வண்ணம் தாராளமாக. அது ஈரமாக இருக்கும்போதே, சுத்தமான காய்ந்த பிரஷ்ஷால் குறுக்கே, கிடையாக, மிக லேசாக நான்கைந்து தடவை வருடுங்கள். விளிம்புகள் மட்டும் உடைந்து தண்ணீராகும். பிறகு பிரஷ்ஷில் வானத்தின் கலவையை எடுத்து, பிம்பத்தின் மேல் கிடைத் தீற்றல்களாக அலைகளை வையுங்கள். அழுத்தக்கூடாது, வண்ணத்தை அங்கே இறக்கிவைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்துவிடவேண்டும்; தேய்த்தால் அடியில் இருக்கும் பச்சை மேலே வந்து இரண்டும் கெடும். அருகில் இருக்கும் அலை அகலம், இடைவெளி அதிகம், தூரத்து அலை மெல்லிசு, நெருக்கம்.

எத்தனை அலை? பதினைந்தைத் தாண்டாதீர்கள். என் முதல் வருடப் படங்களில் கரையிலிருந்து கரைவரை ஒரே அளவில் அலைகளை அடுக்கியிருக்கிறேன், ஆறு கோரைப்பாய் விரித்ததுபோல இருக்கிறது. காற்று ஆற்றின் மேல் எல்லா இடத்திலும் ஒரேபோல அடிப்பதில்லை. ஒரு திட்டில் நெளியும், பக்கத்துத் திட்டு அசையாமல் கண்ணாடியாகக் கிடக்கும். அந்த அமைதியான திட்டைத் தொடாமல் விட்டால்தான் நெளிகிற திட்டு நெளியும்.

கரையும் தண்ணீரும் தொடும் இடத்தைக் கடைசியாகப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு அடர்ந்த கோடு, அதற்குள் விட்டுவிட்டு ஒரு வெளிர்க் கீற்று. முழு நீளத்துக்கும் இழுக்கவேண்டாம், மூன்று இடத்தில் போதும்.

இலை, புல், கடைசி நிமிடங்கள்

பாப்லர் இலையின் காம்பு பக்கவாட்டில் தட்டையானது, அதனால் மெல்லிய காற்றுக்கும் இலை படபடக்கும். அந்த மரத்தைப் பார்க்கும்போது கண் எந்த ஓர் இலையிலும் நிற்காது. அதையே வரைய வேண்டும்: இலையை இல்லை, படபடப்பை. 4ஆம் எண் பிரஷ்ஷின் மூலையால் சின்னச் சின்னக் காற்புள்ளித் தீற்றல்கள், ஒவ்வொன்றும் வேறு திசையில், நடுவே வானத்துக்குத் துளைகள். துளைகள் வழியே தெரியும் வானம் திறந்த வானத்தைவிட ஒரு சாயல் அடர்த்தியாக இருக்கட்டும். புல்லுக்கு நிமிர்ந்த குட்டைத் தீற்றல். இப்படி வானம் சாய்வு, இலை காற்புள்ளி, புல் நிமிர்வு, தண்ணீர் கிடை என்று திசை மாறும்போது, நிறம் ஒன்றாக இருந்தாலும் எது எது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது உருண்டை பிரஷ்ஷை எடுக்கலாம். மிக வெளிச்சமான புள்ளிகள் ஐந்தாறு, கெட்டியாக. நிழல் குச்சியைத் தாண்டியிருந்தால் இதையும் விட்டுவிட்டு மூட்டை கட்டுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

எல்லாவற்றையும் வெளியிலேயே முடித்துவிடவேண்டும் என்று ஒரு கட்டாயம் இல்லை. மோனே தன் வரிசை ஓவியங்களை ஸ்டுடியோவில் வைத்து, ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்தியவர். 1892இல் பாரிஸில் பாப்லர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவை அப்படி ஒழுங்குபடுத்திய பிறகே போயின. நீங்களும் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி இரண்டு நாள் வைத்துவிட்டுப் பாருங்கள். திருத்தம் வேண்டும் என்றால் அதே நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பிப் போவது முதல் வழி. முடியாதபோது வீட்டில் திருத்தலாம், ஆனால் புதிய நிறம் எதுவும் சேர்க்காமல், படத்தில் ஏற்கெனவே இருக்கும் நிறங்களால் மட்டும்.

காய்ந்த பூச்சின் மேல் இரண்டாவது முறை வைக்கும்போது எண்ணெய் முதல் பூச்சைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். அடியில் எண்ணெய்ப் பசை அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தால் மேல்பூச்சு முன்னால் காய்ந்து பின்னால் வெடிக்கும். கெட்டியான இடங்கள் காய வாரக்கணக்கில் ஆகும். வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம், பளபளப்பு பிடிக்காவிட்டால் அப்புறமும் வேண்டாம். பிசாரோ தன் ஓவியம் ஒன்றின் பின்புறத்தில் தயவுசெய்து இதற்கு வார்னிஷ் அடிக்காதீர்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார்.

எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும், சுருண்ட துணிக்குள் அது ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள், அல்லது வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள்.

அடுத்த வாரம் அதே ஸ்டூல், அதே மரங்கள், இரண்டு மணி நேரம் முன்னதாக, புதுக் கேன்வாஸ். முதல் படத்தைக் கூடவே எடுத்துப் போகாதீர்கள். முடித்துவிட்டு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து, இரண்டிலும் ஒரே அடிமரத்தின் நிழல் பக்கத்தை மட்டும் அட்டையின் ஓட்டை வழியாகப் பாருங்கள். நிறம் ஒன்றாகத் தெரிந்தால் இரண்டாவது படத்தில் நினைவிலிருந்து வரைந்திருக்கிறீர்கள், மூன்றாவது கேன்வாஸுக்கு அடிப்பூச்சு அடித்து வையுங்கள்.